சந்தை எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை

"சோலார் தெர்மலா? அது எப்பவோ செத்துப்போச்சு பாஸ். மார்க்கெட் தீர்ப்பு சொல்லிருச்சு."

மின்துறைக்கு மென்பொருள் எழுதும் கூட்டத்தில் பத்து வருடமாக இருக்கிறேன். கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து மின்சாரம் எடுக்கும் பெரிய நிலையங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், ஐந்தாவது நிமிடத்தில் இந்த வாக்கியம் வந்து விழுந்துவிடும். சொல்கிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. எக்செல்லில் விலையைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார்கள். 2017 மே மாதம் ராஜஸ்தானின் பாட்லாவில் சோலார் பேனல் மின்சாரம் யூனிட் 2 ரூபாய் 44 காசுக்கு ஏலம் போனது. 2020 டிசம்பரில் குஜராத்தில் 1 ரூபாய் 99 காசு. அதற்குப் பக்கத்தில் 11, 12 ரூபாய் கேட்ட ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும்.

அந்த விலைகளோடு எனக்குச் சண்டை இல்லை. 'தீர்ப்பு' என்ற சொல்லோடு இருக்கிறது. தீர்ப்பு என்றால் வழக்கு ஒழுங்காக நடந்திருக்க வேண்டும், சாட்சிகளைக் கூண்டில் ஏற்றியிருக்க வேண்டும், முக்கியமான கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். இந்தியாவில் சூரிய வெப்ப மின்சாரத்துக்கு இதில் ஒன்றுகூட நடக்கவில்லை. பெரிய அளவில் ஒரே ஒரு ஏலம் நடந்தது. அதிலும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டு, பதில் வரவில்லை என்று கோப்பை மூடிவிட்டோம்.

இது என்ன சாமான் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மெக்கானிக்கல் படித்துவிட்டு ஐடிக்கு ஓடிவந்தவன் என்பதால் இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் உற்சாகம் கூடும், பொறுத்துக்கொள்ளுங்கள். மொட்டைமாடியில் நீங்கள் பார்க்கும் பேனல் ஒளியை நேராக மின்சாரமாக்குகிறது. இது வேறு. பரவளையமாக வளைத்த கண்ணாடிகள், அவற்றின் குவியத்தில் ஓடும் குழாய், குழாய்க்குள் எண்ணெய். அல்லது ஆயிரக்கணக்கான தட்டைக் கண்ணாடிகள், எல்லாம் ஒரு கோபுரத்தின் உச்சியைப் பார்த்துத் திரும்பி நிற்கும். எப்படியானாலும் வெயில் வெப்பமாகும், வெப்பம் நீராவியாகும், நீராவி டர்பைனைச் சுற்றும். அனல்மின் நிலையமேதான், நிலக்கரி மட்டும் இல்லை. யோசனையும் புதிதில்லை. 1913லேயே ஃபிராங்க் ஷுமன் என்ற அமெரிக்கர் கெய்ரோவுக்குப் பக்கத்தில் மஆதி என்ற ஊரில் இப்படிப்பட்ட கண்ணாடித் தொட்டிகளை நிறுத்தி, அந்த நீராவியில் நைல் தண்ணீரை வயலுக்கு இறைத்துக் காட்டினார். அடுத்த வருடம் உலகப் போர் வந்தது. அதன்பின் பெட்ரோல் மலிவாகக் கிடைத்தது. கதை அங்கேயே நின்றுபோனது.

வெப்பம் என்பதுதான் இதில் விஷயமே. மின்சாரத்தைப் பிடித்துவைப்பது செலவு. சூட்டைப் பிடித்துவைப்பது அதைவிட எளிது, நம் வீட்டு ஃபிளாஸ்க் செய்கிற வேலைதான். சோடியம் நைட்ரேட்டையும் பொட்டாசியம் நைட்ரேட்டையும் 60க்கு 40 என்று கலந்து உருக்க வேண்டும். உரத்துக்கும் பயன்படுகிற உப்புகள்தான் இவை. கோபுர நிலையங்களில் அந்தக் கலவையை 565 டிகிரி வரை சூடாக்கிப் பெரிய தொட்டியில் நிரப்பிவிட்டால், இரவு பத்து மணிக்கு அந்தச் சூட்டிலிருந்து நீராவி எடுத்துக்கொள்ளலாம். ஸ்பெயினில் அந்தாசோல் நிலையம் 2008ல் ஏழரை மணிநேரச் சேமிப்போடு ஓட ஆரம்பித்தது. அதே நாட்டில் 2011ல் வந்த ஹெமாசோலார் கோபுரத்துக்குப் பதினைந்து மணிநேரச் சேமிப்பு. ஒரு கோடையில் அது 36 நாட்கள் இரவு பகல் நிற்காமல் மின்சாரம் கொடுத்தது. சூரியன் இரவில் வேலை செய்யாது என்று ஆரம்பப் பள்ளி வாதம் பேசுகிறவர்கள் இந்த வாக்கியத்தை இன்னொரு முறை படிக்கலாம்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். இந்திய மின்கட்டத்தில் ஒரு நாளுக்கு 24 மணிநேரம் என்று யாரும் கணக்குப் பண்ணுவதில்லை. 96 பிளாக். ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடம். எந்த நிலையம் எந்தப் பிளாக்கில் எத்தனை மெகாவாட் தரும், எந்த மாநிலம் எவ்வளவு எடுக்கும், எல்லாமே 96 எண்கள் கொண்ட வரிசைதான். பகல் பன்னிரண்டுக்குத் தொடங்குவது 49ஆவது பிளாக். இரவு ஏழரைக்குத் தொடங்குவது 79ஆவது. 49ல் கிடைக்கும் யூனிட்டும் 79ல் கிடைக்கும் யூனிட்டும் ஒரே சரக்கு என்று சொல்வது எப்படி இருக்கிறது தெரியுமா? ராத்திரி கடைசி பஸ்ஸுக்கு நிற்கிறவரிடம், "காலையில எட்டு பஸ் காலியாத்தானே போச்சு, அதுல போயிருக்கலாமே" என்று சொல்கிற மாதிரி இருக்கிறது. மின்சந்தையில் இன்று நண்பகலில் விலை தரையைத் தொட்டுவிட்டு, அதே நாள் மாலையில் உச்சவரம்பான 10 ரூபாயில் போய் முட்டுகிற நாட்கள் உண்டு. ஒரே நாள், ஒரே கம்பி. பொழுது மட்டும் வேறு.

2010க்குப் போவோம். ஜவஹர்லால் நேரு தேசிய சூரிய ஆற்றல் இயக்கம் அந்த ஜனவரியில் தொடங்கியது. முதல் கட்டத்தின் 1,000 மெகாவாட்டில் பேனலுக்குப் பாதி, வெப்பத்துக்குப் பாதி என்று பிரித்தார்கள். அன்றைக்கு எது ஜெயிக்கும் என்று யாருக்கும் தெரியாத நிலையில் நல்ல முடிவுதான். அதற்கப்புறம் நடந்ததுதான் கூத்து. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வெப்ப மின்சாரத்துக்குக் குறித்திருந்த விலை யூனிட்டுக்கு 15 ரூபாய் 31 காசு. அதிலிருந்து யார் அதிகம் குறைத்துக் கொடுக்கிறாரோ அவருக்கு ஒப்பந்தம். ஏழு திட்டங்கள், மொத்தம் 470 மெகாவாட். ஜெயித்த விலைகள் 10 ரூபாய் 49 காசிலிருந்து 12 ரூபாய் 24 காசு வரை. குறைந்த விலை சொன்னவர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தள்ளுபடி செய்திருந்தார். அதுவரை இந்த நாட்டில் அந்த அளவில் ஒரு நிலையம்கூட இருந்ததில்லை. யாரும் கட்டிப் பார்க்காத ஒன்றுக்கு முப்பது சதவீதத் தள்ளுபடி! தீபாவளி ஜவுளிக்கடைக்காரர்கூடச் சரக்கைப் பார்த்துவிட்டுத்தான் தள்ளுபடி போர்டு வைப்பார்.

2011 ஜனவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 28 மாதம் அவகாசம், அதாவது 2013 மே மாதத்துக்குள் மின்சாரம் வந்தாக வேண்டும். நிலம், தண்ணீர், வங்கிக் கடன், வளைந்த கண்ணாடி, வெற்றிடக் குழாய், டர்பைன் எல்லாம் அதற்குள். கண்ணாடிக் குழாயில் ஓடும் செயற்கை எண்ணெயை அந்த அளவில் தயாரித்தவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்கள். அது வரத் தாமதமானதே பெரிய சிக்கலாயிற்று. (அந்த எண்ணெய் 12 டிகிரியில் உறைந்துவிடும். ராஜஸ்தான் பாலைவனத்தில் ஜனவரி இரவு அதற்கும் கீழே போகும். வெயிலில் ஓடும் நிலையம் ராத்திரியில் குளிர்காய வேண்டிய நிலைமை.) ராஜஸ்தானின் நோக் என்ற இடத்தில் 50 மெகாவாட் 2013 ஜூனில் வந்தது. அதே மாநிலத்தில் துர்சரிலும், ஆந்திராவின் அனந்தபூர் மாவட்டத்திலும் 2014 இறுதியில் ஒவ்வொன்று. துர்சரில் நேரான கண்ணாடிப் பட்டைகளை வைத்து வேலை செய்யும் முறையைக் கொடுத்த பிரெஞ்சு நிறுவனமான அரேவா, நிலையம் ஓடத் தொடங்கிய அதே 2014ல் சூரியத் தொழிலையே மூட்டைகட்டிவிட்டது. வண்டி வாங்கிய வருடமே கம்பெனி மூடினால் ஸ்பேர் பார்ட்ஸுக்கு எங்கே போவது? ஒப்பந்தம் போட்ட 470ல் எழுந்தது 200 மெகாவாட். மீதி 270 எழவில்லை.

இதற்கெல்லாம் மேல் இன்னொன்று இருக்கிறது. எனக்கு இன்றைக்கும் ஆறாதது அதுதான்.

சின்ன வயதில் பூதக்கண்ணாடியில் காகிதம் எரித்திருப்பீர்கள். உச்சி வெயிலில் பத்து நொடியில் புகை வரும். மேகம் மூட்டமாக இருக்கும் நாளில், வெளிச்சம் நன்றாக இருந்தாலும் எவ்வளவு நேரம் பிடித்தாலும் காகிதம் சூடாகாது. வெளிச்சத்தில் இரண்டு வகை உண்டு. சூரியனிலிருந்து நேராக வருவது ஒன்று, தூசியிலும் மேகத்திலும் பட்டுச் சிதறி நாலாபக்கமும் வருவது இன்னொன்று. பேனலுக்கு இரண்டுமே சாப்பாடு. கண்ணாடிக்கு நேராக வருவது மட்டும்தான். சிதறிய ஒளியை எந்தக் கண்ணாடியாலும் குவிக்க முடியாது. அதனால் ஓர் இடத்தில் வருடத்துக்கு எவ்வளவு நேரடிக் கதிர் விழுகிறது என்பதுதான் இந்தத் தொழிலின் அடித்தளம். அதில் பத்து சதவீதம் பிசகினால் மின்சாரம் பத்து சதவீதத்துக்கும் மேல் குறையும். குழாயிலிருந்து வெளியேறும் வெப்ப இழப்பு வெயில் குறைந்தது என்று தானும் குறைந்துகொள்ளாது.

2010ல் ஏலத்துக்கு வந்தவர்கள் கையில் இருந்தது செயற்கைக்கோள் படங்களிலிருந்து கணித்த எண்கள். தரையில் கருவி வைத்து நாடு முழுக்க அளக்கும் திட்டத்தைச் செய்தது நம்ம சென்னையில், பள்ளிக்கரணையில் இருக்கிற மத்திய அரசின் காற்றாலைத் தொழில்நுட்ப மையம். 51 நிலையங்கள் அமைத்தார்கள், அருமையான வேலை. எப்போது? 2011ல். ஏலம் முடிந்து, விலை சொல்லி, கையெழுத்துப் போட்ட பிறகு! கருவிகள் சொன்ன எண்களோ கணிப்பைவிடக் குறைவு. பாலைவனத்தில் தூசி இருக்கும் என்பது மேலேயிருந்து பார்த்த செயற்கைக்கோளுக்குச் சரியாகத் தெரியவில்லை. பெண் பார்க்காமல் தாலி கட்டிய கதை என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். இங்கே தாலி கட்டியது 25 வருட ஒப்பந்தத்துக்கு.

அளவெடுக்காமல் தைத்த சட்டை பொருந்தவில்லை. யார் மேல் பழி? துணிமேல் போட்டோம்.

இருந்தாலும் இந்தக் குளறுபடிகளை மட்டும் வைத்து நான் சண்டைக்கு வரமாட்டேன். முதல்முறை செய்யும்போது எல்லா நாட்டிலும் குளறுபடி நடக்கும். என் குற்றச்சாட்டு ஏலத்தின் கேள்வியைப் பற்றியது. "யூனிட் என்ன விலை?" என்று கேட்டார்கள். "எத்தனை மணிக்கு?" என்று கேட்கவில்லை. நண்பகல் யூனிட்டுக்கும் இரவு எட்டு மணி யூனிட்டுக்கும் ஒரே காசு. அப்படியிருக்க எந்த முதலாளி உப்புத் தொட்டிக்கு நூற்றுக்கணக்கான கோடி செலவழிப்பார்? சேமிப்பு இல்லாத சூரிய வெப்ப நிலையம் என்பது பேனல் செய்கிற அதே வேலையைச் சுற்றி வளைத்து, விலை கூட்டிச் செய்வது. அதைப் பேனலோடு பந்தயத்தில் விட்டால் தோற்காமல் என்ன செய்யும்? மீனை மரம் ஏறச் சொல்லிவிட்டு மார்க் போட்டிருக்கிறோம்.

கேள்வியை மாற்றினால் பதில் மாறுமா? மாறியது. தென்னாப்பிரிக்காவில்.

அங்கே மாலையில் மின்சாரம் போதாமல் ஊர் ஊராக வெட்டிக்கொண்டிருந்தார்கள். தனியார் மின்நிலையங்களுக்கான அவர்களது முதல் சுற்று ஏலம் நம்முடையதைப் போலவேதான் இருந்தது, எல்லா நேரத்துக்கும் ஒரே விலை. அதில் வந்தது வடக்கு கேப் மாகாணத்தில் பொஃபாடர் ஊருக்குப் பக்கத்தில் காக்ஸு என்ற நிலையம். 100 மெகாவாட், இரண்டரை மணிநேரச் சேமிப்பு. மூன்றாவது சுற்றில் விதியை மாற்றினார்கள். மாலை நாலரையிலிருந்து இரவு ஒன்பதரை வரை கொடுக்கும் மின்சாரத்துக்கு அடிப்படை விலையைப்போல் 270 சதவீதம். அதே நிறுவனம், காக்ஸுவுக்குப் பக்கத்திலேயே, அதே 100 மெகாவாட்டில் அடுத்துக் கட்டிய நிலையம் க்ஸீனா. அதற்குச் சேமிப்பு ஐந்து மணிநேரம். 270 சதவீதம் கிடைக்கும் நேரம் எவ்வளவோ, சரியாக அவ்வளவு. ஒரே மண், ஒரே வெயில், கட்டியவர்களும் ஒரே ஆட்கள். டெண்டரில் ஒரு வரி மாறியதும் தொட்டி இரண்டு மடங்காயிற்று. சந்தை என்பது ஏதோ வானத்திலிருந்து அருள்வாக்குச் சொல்கிற சாமியாடி இல்லை. நாம் எழுதிக்கொடுத்த கேள்வித்தாளுக்குப் பதில் எழுதுகிற மாணவன். அவ்வளவுதான்.

எதிர்த்தரப்பு இந்நேரம் இரண்டு பெயர்களோடு தயாராக இருக்கும். இவான்பா, கிரெசன்ட் டியூன்ஸ். பேசிவிடலாம்.

கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் மூன்று கோபுரங்களோடு நிற்கிறது இவான்பா. 392 மெகாவாட், 1.6 பில்லியன் டாலர் அரசுக் கடன் உத்தரவாதம். குவிந்த ஒளியில் சிக்கிய பறவைகள் பற்றிய செய்திகளால் பெயர் கெட்டது. மின்சாரம் வாங்கிய பி.ஜி.இ நிறுவனம் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளப்போவதாக 2025 ஜனவரியில் அறிவித்தது. சரிதான். ஆனால் இவான்பாவில் உப்புத் தொட்டியே கிடையாது. சேமிப்பு பூஜ்யம். நண்பகலில் பேனலோடு மோதவே கட்டியது அது. என் வாதத்துக்கு எதிர்ச்சாட்சியாக வந்து என் பக்கம் பேசிவிட்டுப் போகிறது.

நெவாடாவின் கிரெசன்ட் டியூன்ஸ் அப்படி இல்லை, அது உண்மையாகவே வலிக்கும் இடம். 110 மெகாவாட், பத்து மணிநேரச் சேமிப்பு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிகள். நான் கேட்கிற எல்லாமே இருந்தது. 2016 அக்டோபரில் சூடான உப்புத் தொட்டி கசிந்தது. மொத்த நிலையமும் எட்டு மாதத்துக்கும் மேல் நின்றது. 2019ல் மின்சாரம் வாங்கியவர் விலகினார். 2020ல் திவால் மனு. பேனல் நிலையத்தில் நூறு பேனல் செத்தால் மானிட்டரில் கோடு லேசாக இறங்கும், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். இங்கே ஒரு தொட்டியின் அடித்தகடு விரிசல் விட்டால் நூறு கோடி டாலர் முதலீடு இருட்டில் உட்கார்ந்துவிடும். மென்பொருளில் எங்களை இரவு மூன்று மணிக்கு எழுப்புவதும் இதே வகைப் பிசாசுதான். மொத்த அமைப்பும் ஒரே புள்ளியில் தொங்குவது. சூரிய வெப்ப மின்சாரத்தின் உண்மையான பலவீனம் இது. பூசி மெழுக நான் தயாரில்லை.

பலவீனம் இருக்கிறது, சரி. அதை எப்படிச் சரிசெய்வார்கள்? திரும்பத் திரும்பக் கட்டித்தான். தொட்டியின் அஸ்திவாரம், சூடேற்றும் வேகம், உப்பைப் பரப்பும் குழாய், எல்லாம் பத்தாவது தொட்டியில் மேம்படும், முதல் தொட்டியில் வெடிக்கும். சர்வதேசப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமையின் கணக்கைப் பாருங்கள். 2010க்கும் 2023க்கும் நடுவில் பேனல் மின்சாரத்தின் செலவு உலக அளவில் சுமார் 90 சதவீதம் குறைந்தது. சூரிய வெப்ப மின்சாரத்தின் செலவு சுமார் 70 சதவீதம் குறைந்தது. தோற்றது என்கிறார்களே, அதுதான் 70. இதில் கவனிக்க வேண்டியது, பேனல் அந்த இடத்துக்கு வந்தபோது உலகில் 1,400 ஜிகாவாட் நிறுவப்பட்டிருந்தது. வெப்பம் ஏழு ஜிகாவாட்கூட இல்லை. இருநூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு கிடைத்த பையன் எழுபது மார்க் எடுத்திருக்கிறான், அவனை மக்கு என்று பள்ளியை விட்டே துரத்தியிருக்கிறோம்.

சீனா 2016ல் 20 மாதிரித் திட்டங்களை அறிவித்தது, 1,349 மெகாவாட். யூனிட்டுக்கு 1.15 யுவான் என்று நிலையான விலை, யாரையும் தள்ளுபடிப் போட்டியில் விடவில்லை. 2018 இறுதி கெடு. கெடுவுக்குள் முடிந்தவை மூன்றே மூன்று. நம்மைவிடக் கேவலமான ரிசல்ட்! அவர்கள் கடையை மூடவில்லை. தாமதமானவர்களுக்கு அவகாசம் கொடுத்தார்கள். கண்ணாடி, குழாய், உப்பு பம்பு எல்லாவற்றையும் உள்நாட்டில் செய்யப் பழகினார்கள். இன்று காற்றாலை, பேனல் நிலையங்களுக்கு நடுவே, அவை ஓயும் நேரத்தில் கைகொடுக்கும் துணையாக இந்தக் கோபுரங்களைக் கட்டுகிறார்கள். துபாயில் 35 வருட ஒப்பந்தத்தில் யூனிட் 7.3 சென்ட்டுக்கு 700 மெகாவாட் சூரிய வெப்பத்தைக் கட்டிக்கொடுத்ததும் ஷாங்காய் எலக்ட்ரிக்தான். 7.3 சென்ட் என்பது நம்ம காசில் ஆறு ரூபாய்ச் சொச்சம். இரவு மின்சாரத்துக்கு.

"அதெல்லாம் சரிப்பா, இப்போ பேட்டரி வந்துருச்சே?" வந்துவிட்டது. மாலை இரண்டு மணிநேரம், நாலு மணிநேரம் சமாளிக்க இன்றைக்குப் பேட்டரிதான் மலிவு. அந்த இடத்துக்குக் கண்ணாடி திரும்ப வராது என்றே நினைக்கிறேன். பத்துப் பதினைந்து மணிநேரச் சேமிப்பு, நள்ளிரவு, விடிகாலை என்று போகும்போதுதான் உப்புத் தொட்டிக்கு இன்னும் பேச வாய் இருக்கிறது. அங்கே நிலக்கரி மட்டும் தனியாக ராஜ்ஜியம் நடத்துகிறது. ஆனால் பேட்டரி வந்ததால் 2010ன் கேள்வித்தாள் சரியாகிவிடாது. பேட்டரியை மலிவாக்கியது கார்த் தொழில், நம்முடைய மின் ஏலங்கள் இல்லை. பதினைந்து வருடம் நண்பகல் யூனிட்டை மட்டும் தேடித் தேடி வாங்கி 100 ஜிகாவாட்டுக்கு மேல் பேனல் நிறுத்திவிட்டு, இரவு ஏழரைக்கு என்ன செய்வது என்று இப்போது கையைப் பிசைகிறோம். பகலில் மலிவு, மாலையில் கூடுதல் என்ற மின்கட்டண விதியே நமக்கு 2023ல்தான் வந்தது.

இப்போது பேட்டரிக்கு நடக்கும் ஏலங்களையும் பாருங்கள். இரண்டு மணிநேர பேட்டரிக்கு 2022ல் மெகாவாட்டுக்கு மாதம் 10 லட்ச ரூபாய்க்கு மேல் கேட்டார்கள். 2025ல் 2 லட்சத்தை ஒட்டி வந்து நின்றது. செல் விலை குறைந்தது உண்மை. அந்த 2 லட்சத்துக்குள் 45 டிகிரி வெயிலில் பன்னிரண்டு, பதினைந்து வருடம் உழைப்பதற்கான கணக்கும் இருக்கிறதா? குறைந்த விலை சொன்னவருக்கு மாலை போட்டுவிட்டு, அவர் கட்டாமல் போனால் "பேட்டரிக்கும் மார்க்கெட் தீர்ப்பு சொல்லிருச்சு" என்று எழுதவும் இதே ஆட்கள் தயாராக இருப்பார்கள்.

அதனால் எனக்கு வேண்டியது புதிய மானியமோ புதிய இயக்கமோ இல்லை. நோக், துர்சர், அனந்தபூர் மூன்று நிலையங்களும் கட்டத்தில் சேர்ந்த நாளிலிருந்து பிளாக் பிளாக்காக எவ்வளவு மின்சாரம் கொடுத்தன என்ற மீட்டர் கணக்கை, பக்கத்திலேயே விழுந்த நேரடிக் கதிரின் அளவோடு சேர்த்து, அரசு பொதுவில் வைக்கட்டும். அமெரிக்காவில் 2020ல் அவர்களது தேசிய ஆய்வகம் உலகம் முழுக்க இருக்கும் நிலையங்களில் வேலை செய்தவர்களிடம் கேட்டு, எது எப்படி உடைந்தது என்று ஓர் அறிக்கையே போட்டது. கசிந்த தொட்டி, உறைந்த குழாய் எல்லாம் அதில் உண்டு. நம்முடைய மூன்று நிலையங்களும் பாலைவனத் தூசியில் என்ன பாடுபட்டன என்பது அடுத்து கட்டப்போகிறவனுக்குத் தெரிய வேண்டும், அவன் கண்ணாடி வைத்தாலும் சரி, பேட்டரி வைத்தாலும் சரி. ஒரு நிலையத்துக்கு வருடம் 35,040 எண்கள். மூன்றுக்கும் சேர்த்துப் பத்து வருடக் கணக்கு ஒரு பென் டிரைவின் மூலையில் அடங்கிவிடும்.